தாத்தாவுக்கு என்ன தெரியும்?

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. வரலாறு முடிக்கப்போகிறேன். தொழிலாளர் வரலாற்றில் ஆய்வு செய்ய ஆசை. வீட்டில் பி.எட். படி என்கிறார்கள். இத்துறையில் எதிர்காலம் உண்டா? கோட்பாடுகளை எங்கே தொடங்குவது? எங்களோடு இருக்கும் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆனால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

பி.எட். படியுங்கள், ஆய்வு ஒன்றும் கெட்டுவிடாது. இங்கிலாந்து வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1948 முதல் 1965 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்காக யார்க்‌ஷயர் ஊர்களில் வயதுவந்தோருக்கு மாலை வகுப்பு எடுத்தவர். முனைவர் பட்டம் கிடையாது. ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் உருவானதைப் பற்றி 1963-ல் வந்த அவருடைய பெரிய நூல் அந்த வருடங்களில் எழுதியதுதான். கோட்பாட்டுக்கு அவசரமில்லை.

உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றும் தெரியாதா? யார் சொன்னது? அவரே சொல்லியிருப்பார். அப்படிச் சொல்ல அவரை நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

தாம்சன் அந்த நூலை மாலை வகுப்பில் தன்னிடம் படித்த ஒரு தம்பதிக்குக் காணிக்கையாக்கினார். வகுப்புக்கு வந்தவர்களிடம் நிறையக் கற்றதாக முன்னுரையில் எழுதினார். கைத்தறி நெசவாளர்களின் பேச்சை, காலுறை பின்னியவர்களின் கோபத்தை, உளவாளிகள் அரசுக்கு அனுப்பிய அறிக்கைகளிலிருந்துகூடத் தோண்டி எடுத்தார். செத்து 100 வருடத்துக்கு மேலானவர்களுக்காக அவ்வளவு பாடுபட்டார். உங்கள் தாத்தா அடுத்த அறையில் இருக்கிறார், தம்பி!

என் அப்பாவும் பஞ்சாலைக்காரர்தான், ஸ்பின்னிங்கில் சைடு, அதாவது நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கம், பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகும் முதல் ஷிப்டு சங்குக்கு முன்பே விழித்துக்கொள்வார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு ராத்திரி தொழிற்சங்கப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். “அந்த ஸ்ட்ரைக்கு இந்த மாதிரி இல்லப்பா” என்று ஆரம்பித்தார். “உங்களுக்கு என்னப்பா தெரியும், பரீட்சைக்கு இதுதான் வரும்” என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் போய் 11 வருடம். வேறு எந்த மாதிரி நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்ட்ரைக்கில் தொடங்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார். பதிலியாக, அதாவது வராத ஆளுக்கு மாற்றாக வேலை கிடைக்குமா என்று, எத்தனை வருடம் மில் கேட்டில் நின்றார் என்று கேளுங்கள். அறுந்த இழையை எந்த விரலால் ஒட்டினார், கூலி வாங்கிய அன்று வீட்டுக்கு என்ன வாங்கி வந்தார் என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்கார்ந்தார், யாரோடு உட்காரவில்லை என்பதையும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல நேரம் எடுப்பார். காத்திருங்கள்.