கிளட்ச் விட்டாலே வண்டி நின்றுவிடுகிறதே!

கேள்வி: புளியரையிலிருந்து தென்மலைக்கு வேலைக்குப் போகவேண்டும். பைக் பழகுகிறேன், ஏற்றத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது. முதல் வண்டியாக 150 சிசி வாங்கலாமா?

பதில்: வேண்டாம், முதலில் 100 சிசி போதும். அந்த வகை வண்டியான ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மி.மீ., எடை சுமார் 112 கிலோ. இரண்டு காலும் தரையில் ஊன்றும், சாய்ந்தாலும் தாங்கிப் பிடிக்கலாம்.

கிளட்சைச் சட்டென்று விடுவதால்தான் இன்ஜின் நிற்கிறது. சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் லீவரை மெல்ல விடுங்கள். வண்டி நகரத் துடிக்கும் இடம் கைக்குப் பிடிபடும்வரை இருபது முப்பது தடவை செய்யுங்கள். லீவர் நுனியில் 10–15 மி.மீ. தளர்வு (கிளட்ச் இயங்குமுன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்கட்டும்.

ஏற்றத்தில் இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். கிளட்சை மெல்ல விட்டு, வண்டி நகரத் துடித்ததும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, அதன்பிறகே பிரேக்கை விடுங்கள்.

வழியிலுள்ள ஆரியங்காவு இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது படு முட்டாள்தனம். வேகத்தை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிடிப்பு போய்விடும். ஓயாமல் மிதித்தால் டிரம் பிரேக் சூடேறிப் பிடிக்காது. இரண்டாம், மூன்றாம் கியரிலேயே இறங்குங்கள். ஜூன், ஜூலை சாரலில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தாதீர்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட். அதுவரை எல் போர்டு கட்டாயம். பின்னால் நண்பரை ஏற்றக் கூடாது.