லினக்ஸ் கணினியை அணைக்கும்போது நெட்வொர்க் பகிர்வு ‘அன்மவுண்ட்’ ஆகாமல் தொங்குவது ஏன்?

யாங்கோன் தாம்வேயில் அச்சகம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அழைப்பிதழ் வடிவங்களும் கோயில் திருவிழா நோட்டீஸ்களும் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. அவருடைய லினக்ஸ் கணினி வைஃபை வழியாக அதை சிஃப்ஸ் (விண்டோஸ் வகைக் கோப்புப் பகிர்வு முறை) பகிர்வாக மவுண்ட் செய்கிறது, அதாவது தன் கோப்புறை போல இணைத்துக்கொள்கிறது; அதைக் கழற்றுவதுதான் ‘அன்மவுண்ட்’. அணைக்கும்போதெல்லாம் ஒன்றரை நிமிடம் தொங்கி, ‘ஃபெயில்ட் அன்மவுண்டிங்’ என்று காட்டிவிட்டுத்தான் அணைகிறது. கரண்ட் போன நேரத்தில் அதற்குள் யுபிஎஸ் தீர்ந்துவிடுகிறதாம்.

தம்பி, அந்த ஒன்றரை நிமிடம், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரலான சிஸ்டம்டி கொடுக்கும் அவகாசம். ஒரு வேலை முடிவதற்கு அது இயல்பாக 90 வினாடி காத்திருக்கும். திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓட, ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்ற வரியின் முடிவில் வினாடிகள் ஏறிக்கொண்டே போகுமே, அதுதான். பலர் உடனே அந்த அவகாசத்தைப் பத்து வினாடியாகக் குறைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான அளவு. கணக்கு எழுதும் தரவுத்தளம் பாதியில் கொல்லப்பட்டால் அந்த நஷ்டத்தை யார் தருவார்கள்?

முதலில் பிழை எந்த வகை என்று பாருங்கள். மறுபடி இயக்கியதும் டெர்மினலில் ‘ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ’ என்று கொடுத்தால் முந்தைய ஓட்டத்தின் கடைசி வரிகள் வரும். ஒன்றும் வராவிட்டால் பதிவுகள் வட்டில் சேமிக்கப்படவில்லை என்று பொருள். ‘/வார்/லாக்/ஜர்னல்’ என்ற கோப்புறையை உருவாக்கி, ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அடுத்த முறையிலிருந்து கிடைக்கும். அங்கே ‘டார்கெட் இஸ் பிஸி’ என்றிருந்தால் ஏதோ ஒரு நிரல் பகிர்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சர்வர் (உங்கள் நாஸ்) பதில் தரவில்லை என்றிருந்தால் பகிர்வுக்கு முன்பே நெட்வொர்க் போய்விட்டது. உங்கள் விவரத்தைப் படித்தால் இரண்டாவதாகத்தான் தோன்றுகிறது.

சிஸ்டம்டி எதை எந்த வரிசையில் தொடங்கியதோ அதற்கு நேர்மாறான வரிசையில் நிறுத்தும். சிஃப்ஸ், என்எஃப்எஸ் (லினக்ஸ், யூனிக்ஸ் உலகின் பகிர்வு முறை) வகைகளை அது தானாகவே நெட்வொர்க் பகிர்வு என்று அறிந்து, நெட்வொர்க்குக்குப் பின் தொடங்கி, நெட்வொர்க்குக்கு முன் நிறுத்தும். இது நெட்வொர்க்கைச் சார்ந்தது என்று சொல்லும் ‘_நெட்டெவ்’ என்ற குறிப்பைச் சேருங்கள் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக ஒரு முழு வட்டையே தரும் முறை) வழியாக வரும் வட்டில் எக்ஸ்ட்4 என்ற சாதாரணக் கோப்பு முறைமை இருப்பது போன்ற இடங்களில்தான் அது உண்மையில் தேவை. உங்களுக்கு அதனால் பெரிய பயன் இராது.

அப்படியென்றால் வரிசை எங்கே தவறுகிறது? வைஃபை கடவுச்சொல் உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் என்று சேமிக்கப்பட்டிருந்தால், அந்த இணைப்பு உங்களுக்கு மட்டுமே உரியது. அணைக்கும்போது முதலில் முடிவது உங்கள் அமர்வு. அமர்வு முடிந்ததும் இணைப்புகளைக் கவனிக்கும் நிரலான நெட்வொர்க் மேனேஜர் வைஃபையைத் துண்டித்துவிடும். பகிர்வை அன்மவுண்ட் செய்யும் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போது சர்வரை அடைய வழியே இல்லை. இணைப்பின் அமைப்புகளுக்குப் போய், எல்லாப் பயனர்களும் பயன்படுத்தலாம் என்ற பெட்டியில் குறியிடுங்கள். சந்தேகம் இருந்தால் நெட்வொர்க் கேபிளை மாட்டி, வைஃபையை நிறுத்திவிட்டு, ஒருமுறை அணைத்துப் பாருங்கள். பட்டென்று அணைந்தால் குற்றவாளி வைஃபைதான்.

கரண்ட் போகும் நேரம் தனிக் கதை. யாங்கோனில் அதைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கணினி யுபிஎஸ்ஸில் இருக்கிறது, ரவுட்டரும் நாஸும் சுவர் பிளக்கில் இருக்கின்றன என்றால், கரண்ட் போன அந்த நொடியே பகிர்வு அநாதையாகிவிடும். மவுண்ட் ஆகியிருக்கும் பகிர்வுக்கு எந்த அமைப்பை மாற்றினாலும் உதவாது. மூன்றையும் யுபிஎஸ்ஸில் கொண்டுவாருங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே சிறிய பேட்டரிப் பெட்டிகள் கிடைக்கின்றன. அணைக்கும்போது கணினி முதலில், நாஸ் அதன் பிறகு, ரவுட்டர் கடைசியில்.

இதோடு, மவுண்ட் விவரங்கள் எழுதப்படும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் இந்தப் பகிர்வுக்கான வரியில் ‘நோஆட்டோ,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60’ ஆகிய மூன்றையும் சேர்த்துவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். கோப்புறையைத் தொட்டால் மட்டும் பகிர்வு மவுண்ட் ஆகும். 60 வினாடி யாரும் தொடாவிட்டால் தானே கழன்றுகொள்ளும். கரண்ட் போகும்போது பல நேரம் அது மவுண்ட் ஆகியே இருக்காது. ஆனால் அழைப்பிதழ் கோப்பு திறந்தே இருந்தால் கழலாது. வேலை முடிந்ததும் மூடிவிடுகிற பழக்கம் வேண்டும்.

‘பிஸி’ என்று வந்தால், அணைப்பதற்கு முன் ‘ஃபியூசர் -விஎம்’ கட்டளையோடு பகிர்வின் பாதையைக் கொடுங்கள். யார் பிடித்திருக்கிறார் என்று பெயரோடு சொல்லும். பெரும்பாலும் அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கும் ஒரு டெர்மினல்தான். நீங்களே எழுதிய சேவை என்றால் அதன் யூனிட் கோப்பில் (சிஸ்டம்டிக்கு அந்தச் சேவையை விவரிக்கும் கோப்பு) ‘ரிக்கொயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=’ என்பதோடு பகிர்வின் பாதையைச் சேருங்கள்; பகிர்வு கழல்வதற்கு முன் அந்தச் சேவை நின்றுவிடும்.

‘யுமவுண்ட் -எல்’ என்ற சோம்பல் முறையை அணைக்கும் ஸ்கிரிப்டில் போடாதீர்கள். கோப்புறையின் பெயர்தான் மறையும். எழுதப்படாமல் நிற்கும் தரவு அப்படியே நிற்கும். நாளை என்எஃப்எஸ்ஸுக்கு மாறினாலும், எழுதும் பகிர்வுக்கு ‘சாஃப்ட்’ என்ற மவுண்ட் முறை வேண்டாம். இயல்பான ‘ஹார்ட்’ முறை சர்வர் வரும்வரை விடாமல் முயலும்; ‘சாஃப்ட்’ பாதியில் கைவிட்டு, கோப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

எஃப்எஸ்டேபை மாற்றியபின் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுத்து, மறுதொடக்கம் செய்து பாருங்கள். இன்னும் தொங்கினால் ஜர்னலின் கடைசி முப்பது வரிகளையும் எஃப்எஸ்டேபில் அந்த ஒரு வரியையும் இங்கே இடுங்கள். கடவுச்சொல்லை நீக்கிவிட்டு இடுங்கள்.