எட்டுக்கு ஏழு

கேள்வி: பசிபிக் கடலில் உள்ள துவாலு நாட்டில் கட்சிகளே இல்லாமல் பொதுத்தேர்தல் நடக்கிறதாமே? இப்படி ஓர் அதிசயத்தைப் பற்றி நம் டிவிகளில் ஒரு விவாதம்கூடக் காணோமே, ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: டிவியில் காணோம் என்று வருத்தப்படுகிறீர்கள். துவாலுக்காரர்கள் டிவியை விற்றே காசு பார்க்கிறவர்கள், தெரியுமோ? இணைய முகவரிகளுக்கு நாடு வாரியாக ஒரு வால் ஒட்டினார்கள் அல்லவா, இந்தியாவுக்கு 'டாட் இன்' வந்தது. துவாலுவுக்கு வந்து விழுந்தது 'டாட் டிவி'. எந்தச் சேனல்காரருக்குத்தான் வாய் ஊறாது? அந்த வாலை அமெரிக்கக் கம்பெனிகளிடம் குத்தகைக்கு விட்டு வருஷா வருஷம் டாலராக வாங்குகிறார்கள். அந்தப் பணம் கைக்கு வந்த பிறகுதான் 2000-ல் ஐ.நா. சபையில் உறுப்பினர் ஆனார்கள். டிவியால் ஒரு தேசத்துக்கு நன்மை விளைந்ததற்கு எனக்குத் தெரிந்த ஒரே சாட்சியம் இது. அதிலும் கவனியுங்கள், இரண்டு எழுத்தைத்தான் கொடுத்தார்கள். நிகழ்ச்சி எதையும் தயாரிக்கவில்லை. நம் சேனல்களும் இதை யோசிக்கலாம். பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூடியோவைப் பூட்டினால் ஊரில் பல பேருக்கு ரத்த அழுத்த மாத்திரை மிச்சம். மற்றபடி, கட்சி இல்லாத தேர்தலை அவர்கள் எப்படி விவாதிப்பார்கள்? கட்டத்துக்குக் கட்டம் யாரை உட்கார வைப்பது? நாலு கட்டத்திலும் 'நடுநிலையாளர்' என்று பட்டை போட்டால் பார்க்கிறவன் ரிமோட்டை எடுத்துவிடுவான்.

அதிசயம் என்றீர்களே, அதற்கு வருகிறேன். கட்சிகள் ஒழிந்தால் அரசியல் சுத்தமாகிவிடும் என்று இந்தப் பக்கத்துக்கு விடாமல் எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினார், கடிதத்தை நிறுத்தவில்லை. இந்தப் பதில் அவருக்கும் சேர்த்துத்தான்.

துவாலுவின் மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர். ஜனங்கள் பதினோராயிரம் பேருக்குள். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு இரண்டு பேர், ஆக 16 எம்.பி.க்கள். எல்லாருமே சுயேச்சை. ஜெயித்து வந்த பிறகுதான் யார் யார் பக்கம் என்ற பேச்சே ஆரம்பிக்கும். முன்பு 15 இடங்கள் இருந்த காலத்தில் எட்டுப் பேரைப் பிடித்தவர் பிரதமர். 2010 செப்டம்பரில் மாட்டியா டோஃபா எட்டுக்கு ஏழு என்று பிரதமரானார். டிசம்பரில் அவருடைய உள்துறை அமைச்சர் வில்லி டெலாவி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். அதே எட்டுக்கு ஏழு, இப்போது டெலாவி பிரதமர்! கொடி மாற்ற வேண்டாம், துண்டு மாற்ற வேண்டாம், எழுந்து நாற்காலி மாறினால் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கட்டும். 2012 டிசம்பரில் நிதியமைச்சர் லோட்டோஆலா மெட்டியா காலமானார். ஏழுக்கு ஏழு. இடைத்தேர்தல் வைத்தால் ஆபத்து என்று டெலாவி அதை அறிவிக்காமலே இழுத்தடித்தார். வழக்கு கோர்ட்டுக்குப் போய், உத்தரவு வந்த பிறகுதான் 2013 ஜூனில் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சி – மன்னிக்கவும், கட்சி இல்லை – எதிர்வரிசை ஜெயித்தது. மெஜாரிட்டி போன பிரதமர் என்ன செய்தார்? நாடாளுமன்றம் வருஷத்துக்கு ஒரு முறை கூடினால் போதும், டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். துவாலுவுக்கும் ராணியாக இருந்த பிரிட்டன் ராணியின் பிரதிநிதி, கவர்னர் ஜெனரல் இயகோபா இடலேலி, சபையைக் கூட்டச் சொல்லி ஆணையிட்டார். சபை கூடியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை சபாநாயகர் எடுக்க விடவில்லை. போதாததற்கு, சுகாதார அமைச்சர் தன் எம்.பி. பதவியையே ராஜினாமா செய்தார். இன்னோர் இடைத்தேர்தல் முடியட்டும், அப்புறம் ஓட்டெடுப்பு என்று வாதம்! கடைசியில் கவர்னர் ஜெனரலை நீக்கும்படி எலிசபெத் ராணிக்கே எழுதிவிட்டதாக டெலாவி அறிவித்தார். ராணியிடமிருந்து பதில் வருவதற்குள், ஆகஸ்ட் 1 அன்று, கவர்னர் ஜெனரல் டெலாவியை நீக்கிவிட்டார். யார் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்ற ஓட்டப்பந்தயம் அது. இதில் ஒரு கட்சிக்காரராவது உண்டா?

கட்சி இல்லாததில் நல்லது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவரின் பாட்டனார் வரை ஊருக்குத் தெரியும். அதனால் பதவியில் இருப்பவர் தப்புவது கஷ்டம். 2024 ஜனவரி 26-ல் நடந்த தேர்தலில் பிரதமர் கௌசியா நடானோ தலைநகர் ஃபுனாஃபுட்டியில், சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ஜெயித்தவர்கள் கூடிப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு மாதம் ஆனது. பேரம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு முன்னால் காற்றும் கடலும் இருந்தன. நாட்டில் விமானம் இறங்குகிற இடம் ஃபுனாஃபுட்டி ஒன்றுதான். மற்றத் தீவுக்காரர்கள் படகில்தான் வர வேண்டும். கடல் சரியில்லாமல் புது எம்.பி.க்கள் வந்து சேர முடியவில்லை. வந்த பிறகு ஒரே ஒருவர் பெயர்தான் முன்மொழியப்பட்டது: முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஃபெலெட்டி டியோ. ஓட்டெடுப்பே வேண்டியிருக்கவில்லை.

அந்த விமானத் தளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. விமானம் வருவதற்கு முன்னால் சங்கு ஊதுவார்கள், ஓடுபாதையிலிருந்து ஜனங்கள் விலகிப்போக. விமானம் கிளம்பிப் போனதும் திரும்பி வந்து வாலிபால் ஆடுவார்கள். புழுக்கமான ராத்திரிகளில் பாயை எடுத்துவந்து அங்கேயே படுத்துக்கொள்வதும் உண்டு. தீவின் அகலமே அவ்வளவுதான். வேறு மைதானத்துக்கு எங்கே போவது?

2024-ல் அவர்கள் உண்மையாகவே விவாதித்தது, முந்தைய ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஃபலேபிலி ஒப்பந்தத்தை. கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிற நாட்டிலிருந்து வருஷத்துக்கு 280 பேரை ஆஸ்திரேலியா நிரந்தரமாகக் குடியேற அனுமதிக்கும். பதிலுக்கு, துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். முன்னாள் பிரதமர் ஈனெலே சோபோஆகா இதைக் கிழித்தெறிவேன் என்று சொல்லித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஆனால் ஒப்பந்தம் கிழியவில்லை, 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 280 பேரையும் குலுக்கல் போட்டுத்தான் எடுக்கிறார்கள், விண்ணப்பம் 25 ஆஸ்திரேலிய டாலர். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பெயர் கொடுத்தார்கள். பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 6,000 பேர்.