அத்தானே ஏஜென்ட்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் வேலை, ஒரு குழந்தை. 6 லட்சம் டாலருக்குள் முதல் வீடு தேடுகிறோம். கையில் 85,000 டாலர் இருக்கிறது. என் அக்கா வீட்டுக்காரர் போன வருடம் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுத்தார். “நானே உங்கள் ஏஜென்ட். கமிஷனை விற்கிறவர்தான் தருவார், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை” என்று சொல்லி, 6 மாத எக்ஸ்க்ளூசிவ் (அவர் மூலம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற) ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதில் 3 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பணம் குறைந்தால், 3 வருடத்துக்கு முன்பு அவரிடம் எடுத்த ஐ.யு.எல். (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த, சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) பாலிசியில் கடன் எடுக்கலாம் என்கிறார். அதன் ஸ்டேட்மென்டை இணைத்திருக்கிறேன். அமெரிக்கா வந்த புதிதில் இரண்டு மாதம் அத்தான் வீட்டு பேஸ்மென்டில்தான் தங்கியிருந்தோம். மறுத்தால் அக்கா வருத்தப்படுவாள். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறார். ஏஜென்ட் இல்லாமலே வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராதோ என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கிரெடிட் ஸ்கோர், வங்கி முன் அனுமதி, வட்டி ஒப்பீடு எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை விடுகிறேன். எனக்குக் கவலை தந்தது உங்கள் ஸ்டேட்மென்ட்தான். மாதம் 700 டாலர், 36 மாதம், ஆக 25,200 டாலர் கட்டியிருக்கிறீர்கள். இன்று பாலிசியை முறித்தால் கைக்கு வருவது 9,800. அந்த பாலிசி எடுத்த அன்று “சரண்டர் சார்ஜ், அதாவது இடையில் முறித்தால் பிடிக்கும் கட்டணம், எத்தனை வருடம்?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, காரணம் எதிரில் இருந்தவர் அத்தான். இப்போது அதே மேஜையில், அதே மனிதர், இன்னொரு காகிதம். அவரிடம் விலை கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். ஏஜென்ட் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட இந்தக் கூச்சம்தான் உங்களுக்கு அதிகச் செலவு வைக்கிறது.

“விற்கிறவர்தான் தருவார்” என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். பல வருடம் நடைமுறை அப்படித்தான் இருந்தது. விற்பவர் தன் ஏஜென்டுக்குக் கொடுக்கும் கமிஷனில் ஒரு பங்கு வாங்குபவரின் ஏஜென்டுக்குப் போகும், அந்தப் பங்கு எவ்வளவு என்பது விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜென்ட்கள் பதியும் எம்.எல்.எஸ். பட்டியலிலேயே இருக்கும். 2023 அக்டோபரில் மிசௌரியில் ஒரு ஜூரி இந்த முறைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2024 மார்ச்சில் ஏஜென்ட்களின் தேசியச் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டார்ஸ் 41.8 கோடி டாலருக்கு சமரசத்துக்கு வந்தது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல் எம்.எல்.எஸ். பட்டியலில் வாங்குபவரின் ஏஜென்டுக்கு இவ்வளவு என்று போடக் கூடாது. வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே ஏஜென்ட் உங்களிடம் எழுத்து ஒப்பந்தம் வாங்க வேண்டும், அதில் கட்டணம் திட்டவட்டமாக இருக்க வேண்டும். விற்பவர் இன்றும் அதைக் கொடுக்கலாம், பலர் கொடுக்கிறார்கள். ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அவர் கொடுக்காத மிச்சத்துக்கு, கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில் நீங்கள் பொறுப்பு.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 6 லட்சத்தில் 3 சதவீதம் 18,000 டாலர். உங்கள் 85,000-ல் 10 சதவீத முன்பணம் 60,000 போகும். வீட்டு உரிமைக்கான டைட்டில் இன்ஷூரன்ஸ், வங்கிக் கட்டணம், வக்கீல், இன்ஸ்பெக்‌ஷன், வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் முன்கூட்டியே எடுத்துவைக்கும் எஸ்க்ரோ எல்லாம் சேர்த்து 15,000 என்று வைப்போம். மிச்சம் 10,000. விற்பவர் 2 சதவீதம்தான் தருவேன் என்றால் மீதி 1 சதவீதம், அதாவது 6,000 உங்கள் தலையில். கையில் 4,000. பழைய வீட்டில் முதல் குளிர்காலத்தில் ஃபர்னேஸ் நின்றால் அது காணாது. விற்பவர் ஒன்றுமே தரமாட்டேன் என்றால் 8,000 துண்டு விழுகிறது. இந்தக் கமிஷனை வீட்டுக் கடனோடு சேர்த்து எழுதிக்கொள்ளவும் பொதுவாக முடியாது, ரொக்கமாகத்தான் வைக்க வேண்டும். “ஒரு பைசா செலவில்லை” என்ற வாக்குறுதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். அத்தான் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பழைய பழக்கத்தில் சொல்கிறார்.

அப்படியானால் ஏஜென்டே வேண்டாமா? முதல் வீட்டுக்கு, அதுவும் நியூ ஜெர்சியில், நல்ல ஏஜென்ட் வேண்டும் என்பேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி 1950-களில் கட்டிய வீடு ஒன்றில் மனதைப் பறிகொடுத்து, அன்றே ஆஃபர் எழுதத் தயாராக நின்றார்கள். அவர்களுடைய ஏஜென்ட் சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக பேஸ்மென்டுக்கு இறங்கினார். தரையை ஒட்டி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மெல்லிய செம்புக் குழாய்கள். முனையை நசுக்கி மடக்கி விட்டிருந்தார்கள். வெளியே வந்து அதே சுவருக்கு நேராகப் புதரை விலக்கினார். துருப்பிடித்த வென்ட் குழாய் ஒன்று நின்றது. மண்ணுக்கு அடியில் பழைய ஹீட்டிங் ஆயில் டேங்க்! இந்த மாநிலத்துப் பழைய வீடுகளில் இது சகஜம். எண்ணெய் மண்ணில் கசிந்திருந்தால் சுத்தம் செய்ய பல பத்தாயிரம் டாலர் ஆகலாம், வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கை விரித்துவிடும். புதைந்த டேங்கைத் தேடும் டேங்க் ஸ்வீப் சோதனை செய்து, விற்பவர் செலவில் டேங்கைத் தோண்டி எடுத்து, மண் சோதனை முடிவும் வந்த பிறகுதான் அந்த வீட்டை வாங்க வைத்தார். அந்த மாதிரி ஆளுக்கு 6 லட்சத்தில் 2 சதவீதம், அதாவது 12,000 டாலர் கொடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

அந்தக் கண் லைசென்ஸ் பரீட்சையில் வராது, வீடு வீடாக ஏறி இறங்கி வரும். அதனால் அத்தானிடம் கேளுங்கள்: கடந்த 12 மாதத்தில், நீங்கள் தேடும் ஊர்களில், வாங்குபவர் பக்கம் நின்று எத்தனை வீடு முடித்திருக்கிறார்? இதே கேள்வியை இன்னும் மூன்று ஏஜென்ட்களிடமும் கேளுங்கள். ஓப்பன் ஹவுஸ்களுக்கு நீங்களாகப் போய்ப் பார்க்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை, அங்கேயே நாலு பேரோடு பேசிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஏஜென்ட் பேரம் பேசி 20,000 டாலர் குறைத்தால் உங்களுக்கு முழு 20,000 மிச்சம். 3 சதவீதக் கணக்கில் அவருக்கு 600 நஷ்டம். இது எந்த ஏஜென்டுக்கும் பொருந்தும். அந்நிய ஏஜென்ட் என்றால் “இன்னும் குறைத்துக் கேளுங்கள்” என்று கூச்சமில்லாமல் நெருக்குவீர்கள். “இன்ஸ்பெக்‌ஷனை விட்டுக்கொடுத்தால்தான் ஆஃபர் ஜெயிக்கும்” என்று அவர் சொன்னால் முடியாது என்பீர்கள். அத்தானிடம் முடியுமா?

யாரிடம் போட்டாலும் அந்த 6 மாத ஒப்பந்தத்தை அப்படியே போடாதீர்கள். அதில் எல்லா நிபந்தனையும் பேரத்துக்கு உட்பட்டது, கமிஷனை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. முதலில் 30 நாள் போதும், முதல் சந்திப்புக்கு ஒரே ஒரு வீட்டுக்கான ஒப்பந்தம்கூட எழுதலாம். கட்டணம் 2 சதவீதம் அல்லது ஒரே தொகை என்று கேளுங்கள். விற்பவர் தருவது அதில் கழிய வேண்டும். நீங்கள் 2 சதவீதம் என்று எழுதியிருந்தால், விற்பவர் 3 கொடுக்க முன்வந்தாலும் ஏஜென்ட் 2-க்கு மேல் வாங்கக் கூடாது. அதனால் அந்த எண்ணைக் குறைவாக எழுதுவதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும், அவர் காட்டிய வீட்டை வாங்கினால் கமிஷன் உண்டு என்று ஒரு வரி இருக்கும். அது எத்தனை நாள் என்று பார்த்துக் குறையுங்கள். டூயல் ஏஜென்சிக்குச் சம்மதம் என்ற கட்டம் இருந்தால் டிக் போடாதீர்கள். விற்பவருக்கும் உங்களுக்கும் ஒரே ஆள் என்றால், விலையில் உங்களுக்காக வாதாட அவரால் முடியாது.

நியூ ஜெர்சியில் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஏஜென்ட் எழுதிய வீட்டு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கைக்கு வந்த பிறகு மூன்று வேலை நாள் அட்டர்னி ரிவ்யூ உண்டு. அதற்குள் உங்கள் வக்கீல் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் அது வீடு வாங்கும் ஒப்பந்தத்துக்கு மட்டும். ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம் அதில் வராது. எனவே வக்கீலை இப்போதே பிடித்து, அத்தான் அனுப்பிய காகிதத்தையும் அவரிடம் காட்டுங்கள். அந்த வக்கீலை நீங்களே தேடுங்கள், அத்தான் சிபாரிசு வேண்டாம்.

பாலிசிக் கடன் வேண்டாம். ஐ.யு.எல். நம் ஆட்கள் கூடும் பிறந்தநாள் விழாவில்கூட “வரியில்லா ஓய்வூதியம்” என்று விற்கப்படுகிறது. உச்சவரம்பு வைத்த வருமானம், வயது ஏற ஏற உயரும் இன்ஷூரன்ஸ் செலவு, பல வருட சரண்டர் சார்ஜ் என்பதை யாரும் அங்கே பேசுவதில்லை. அதில் கடன் எடுத்தால் வட்டி ஓடும், நீங்கள் இறந்தால் குடும்பத்துக்கு வரும் தொகையும் அந்த அளவுக்குக் குறையும். 5.4 லட்சம் வீட்டுக் கடன் தலையில் ஏறும் நேரத்தில் அதைச் செய்யலாமா? முதலில் இருவரும் டேர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத, குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) எடுங்கள். அது கைக்கு வந்த பிறகு, சரண்டர் சார்ஜ் அட்டவணையைக் கம்பெனியிடமே எழுத்தில் வாங்கி, ஐ.யு.எல்.லைத் தொடர்வதா முறிப்பதா என்று பார்க்கலாம். மாதம் 700 என்றால் வருடம் 8,400. வீட்டு வரிக்கே அந்தப் பணம் தேவைப்படும். நியூ ஜெர்சியில் சராசரி வீட்டு வரி வருடம் 10,000 டாலருக்கு மேல்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. அத்தான் வீட்டில் தங்கிய அந்த இரண்டு மாதத்தை நீங்கள் மறக்க வேண்டாம், மறக்கவும் கூடாது. அதற்கு ஒரு கௌரவமான வழி இருக்கிறது. லைசென்ஸ் உள்ள ஒருவர் இன்னொரு ஏஜென்டுக்கு வாடிக்கையாளரை அனுப்பினால், கமிஷனில் பங்கு வாங்கலாம். இது சட்டப்படியே நடப்பதுதான், பணம் அவர் சேர்ந்திருக்கும் பிரோக்கர் நிறுவனம் வழியாக வரும். 25 சதவீதம் என்பது பரவலான வழக்கம். 12,000 கமிஷனில் அது 3,000 டாலர். அக்காவிடம் நீங்களே முன்கூட்டி போன் செய்யுங்கள். ஞாயிறு அன்று அத்தானிடம், “வீட்டு விஷயத்தில் உங்களோடு மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. அந்த ஊர்களில் நிறைய முடித்த ஆளை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், நீங்கள் ரெஃபர் செய்யுங்கள், உங்கள் பங்கு உங்களுக்கு வரட்டும்” என்று சொல்லுங்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். அந்த ஏஜென்டோடு ஒப்பந்தம் போடும் முன்பே இந்த ரெஃபரல் விஷயத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் பல பேர் ஒப்புக்கொள்வதில்லை.