துறைமுக அறிக்கையைப் படிக்க எட்டாயிரம் ரூபாயா?

கேள்வி: எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு மீனவக் கிராமம். பக்கத்துத் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்துக்குப் போன முறை கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தபோது, அதன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் பார்க்க பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனோம். “இங்கே இல்லை, சென்னைக்குப் போங்கள்” என்றார்கள். கூட்டமும் தள்ளிப்போனது. மறுபடி தேதி வரும் என்று ஊரில் பேச்சு. 8,000 ரூபாய் கொடுத்தால் ஆர்டிஐ போட்டு முழு அறிக்கையையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். அது இலவசமாகப் பார்க்கக்கூடிய ஆவணம். அதோடு, அவர் சொல்லும் வழியில் போனால் கூட்டம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு முன் மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. தகவல் உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்டிஐயில், பதில் தர அதிகாரிக்கு இருக்கும் கெடுவும் அதே 30 நாள். விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்த அன்றே மனு போட்டாலும், நம் அலுவலகங்களின் வேகத்துக்குப் பதில் வரும்போது பந்தலைப் பிரித்திருப்பார்கள். பணம் வாங்குபவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். “மனு போட்டாச்சு, அவங்கதான் தரலை” என்று கை விரிக்க அவருக்கு அதுவே வசதி.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? வரைவு அறிக்கை எந்தெந்த அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த அறிவிக்கையே சொல்கிறது: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அமைப்பு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகம். உங்கள் பஞ்சாயத்தில் “சென்னைக்குப் போங்கள்” என்றது தவறு.

அடுத்த முறை வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு நாலு வரி போதும்: “இந்தத் திட்டத்தின் வரைவு அறிக்கையை இணைப்புகளுடன் பார்வையிட விரும்புகிறேன். இடமும் நேரமும் தெரிவிக்கவும்.” எழுத்தில் கேட்கும் எவருக்கும், கூட்டம் நடக்கும் நாள்வரை, அலுவலக நேரத்தில் அறிக்கையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது விதி. நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கையே காட்டவில்லை என்று பிறகு கூட்டத்தில் சொல்லும்போது, அந்த ஒரு தாள்தான் பேசும்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரையும், அந்தக் கடலில் தொழில் செய்யும் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். ஏனென்றால் தமிழில் கட்டாயமாகத் தர வேண்டியது சுருக்கத்தை மட்டும்தான். முழு அறிக்கையும் நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். யாருடைய கடலைப் பற்றி எழுதுகிறார்களோ அவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதிவிட்டு, “கருத்துச் சொல்லுங்கள்” என்று மைக்கை நீட்டுவதை இத்தனை வருடமாக யாரும் திருத்தவில்லை.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள். வேலைவாய்ப்பும் பசுமைப் பட்டையும் அதில் பளிச்சென்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது இணைப்புகளில் கிடக்கும்: கரையோர மாற்ற ஆய்வு, தூர்வாரும் மண்ணை எங்கே கொட்டப்போகிறார்கள் என்ற விவரம், கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடம். வரைபடத்தில் உங்கள் ஊரும் வலை உலர்த்தும் இடமும் படகு நிறுத்தும் கரையும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபம்.

இப்போது ஆர்டிஐக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைவு அறிக்கைக்கு அது தோதுப்படாது, அவ்வளவுதான். மற்ற தாள்களுக்குத் தோதான வழி அதுதான்: திட்டத்தை முன்வைத்த விண்ணப்பம், ஆய்வுக்கு வகுத்துக் கொடுத்த வரையறைகள், துறைகளுக்குள் போய்வந்த கடிதங்கள். இவற்றை இப்போதே கேளுங்கள், கூட்டத் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். இதற்கு எதற்கு 8,000?

மனு எங்கே போக வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகம் மத்திய அரசின் கீழ் வருகிறது. அதை ஒட்டியே இருக்கும் காட்டுப்பள்ளி தனியார் நடத்துவது, மாநிலத்தின் கடல்சார் வாரியத்தின் கீழ் வருவது. தனியார் கம்பெனிக்கு நேராக மனு அனுப்பினால் பதில் வராது. அவர்கள் அரசிடம் கொடுத்த தாள்களை அரசிடம்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, மாநில அலுவலகத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மத்திய அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் வேண்டும். ஸ்டாம்பைக் காரணம் காட்டி மனுவைத் திருப்பி அனுப்புவதில் நம் அலுவலகங்களுக்கு இருக்கும் சுறுசுறுப்பு வேறு எதிலும் இல்லை. “ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?” என்றும் கேட்காதீர்கள். “இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும்” என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று கேட்டால், “விளக்கம் தர சட்டத்தில் இடமில்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

மறுப்பு வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: வணிக ரகசியம், தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(d). இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வார்த்தையைப் பார்த்ததுமே பாதிப் பேர் மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒரு கம்பெனியின் போட்டித் திறனுக்குக் கெடுதல் வரும் தகவலைத் தர மறுக்கலாம் என்பது அந்தப் பிரிவு. சரக்குக் கட்டண பேரம், கடன் விவரம் போன்றவை அதில் வரலாம். அலை எந்தப் பக்கம் அடிக்கிறது, மண் எந்தக் கரையில் அரிக்கிறது என்பது யாருடைய வணிக ரகசியம்? அப்படியே ஒரு பகுதி ரகசியம் என்றாலும், பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. ரகசியமான பக்கத்தை எடுத்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது பிரிவு 10. கம்பெனியைக் கேட்க வேண்டும் என்பார்கள். கேட்கட்டும். அதன் ஆட்சேபத்தை அதிகாரி பரிசீலிக்க வேண்டும், ஆனால் முடிவு அவருடையது. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. இவ்வளவையும் முதல் மேல்முறையீட்டில் அப்படியே எழுதுங்கள். மறுப்பு கிடைத்த 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு.

“அறிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது” என்பதும் அடிக்கடி வரும் சாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் கொடுத்த அறிக்கையை மத்திய அமைச்சகம் இப்படித்தான் பூட்டி வைத்திருந்தது. வெளியிடச் சொன்னது மத்தியத் தகவல் ஆணையம். 2012 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மேல்முறையீட்டில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

கூட்டம் தள்ளிப்போனதால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 என்று தேதி வைத்துத் தள்ளினார்கள். 2023 செப்டம்பர் 5 என்று வைத்து மறுபடி தள்ளினார்கள். தேதி மாறும்போது ஊர் சோர்ந்துவிடும், கோப்பு சோராது. புதுத் தேதி அறிவித்தால் தேசிய நாளேடு ஒன்றிலும் தமிழ் நாளேடு ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். அந்த விளம்பரத்தை வெட்டி வையுங்கள்.

கூட்டத்தில் பேசுவதோடு எழுத்திலும் கொடுங்கள். கடைசியில் பதிவான கருத்துகளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போகாதீர்கள். வருகைப் பதிவு என்று நீட்டும் தாளின் தலைப்பைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். மேலே வெற்றிடம் விட்ட தாள் என்றால் தொடவே வேண்டாம்.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அதனால் உங்கள் பிள்ளைகளில் ஒருவரை மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் போதும். இறுதி அறிக்கையும், திட்டத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்பும் அனுமதிக் கடிதமும் அங்கேதான் ஏறும்.