பக்கத்துல கார்பார்க், சர்ச் சுவர் தாங்குமா?

கேள்வி: எங்க சர்ச்சை ஒட்டி அடுக்குமாடி கார்பார்க் கட்டப்போறாங்களாம் சார், ஞாயிறு ஆராதனை நேரத்துல பைல் (அஸ்திவாரத் தூண்) அடிச்சா என்ன பண்றது, பழைய சுவர் வேற, பயமா இருக்கு.
- வாசகர், சிராங்கூன்

பதில்: பயம் நியாயம்தாங்க. 150 மீட்டருக்குள்ள வீடு, ஆஸ்பத்திரி மாதிரி இடம் இருந்தா சனி ராத்திரி 10 மணில இருந்து திங்கள் காலை 7 வரை வேலை கூடாதுன்னு என்இஏ (சிங்கப்பூர் தேசிய சுற்றுப்புற அமைப்பு) விதி இருக்கு, அதனால சைட்டுக்கும் பக்கத்து புளோக்குக்கும் எவ்ளோ தூரம்னு முதல்ல பாருங்க.

சுவர்தான் என் கவலை. பைலிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இருக்கற விரிசல் ஒவ்வொண்ணையும், பீடத்துக்குப் பின்னாடி, ஜன்னல் மூலை எல்லாம், ஸ்கேல் வச்சு தேதியோட போட்டோ எடுத்துருங்க, இல்லன்னா நாளைக்குப் போய் நின்னா அது ஏற்கனவே இருந்துச்சுன்னு சொல்லிருவாங்க. ஆஃபிர் ரோடு லூர்து மாதா கோயில் நம்ம தமிழ் ஜனங்களுக்காக 1888ல திறந்தது, 2005ல தேசிய நினைவுச்சின்னம் ஆச்சு, அந்த மாதிரி பழைய சுவர் போனா திரும்ப வராதுங்க.

யூஆர்ஏக்கு (நகர மறுசீரமைப்பு ஆணையம்) இப்பவே எழுதுங்க, கார் வெளிய வர்ற வழியை உங்க வாசலுக்கு நேரா வைக்காதீங்கன்னு. வீல்சேர்ல வர்ற பாட்டிங்க அங்கதானே இறங்கறாங்க.