பிள்ளை படிப்பில் தடுமாறினால் டீச்சரிடம் எப்படிப் பேசுவது? – கேள்வி பதில்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில். மருந்து பற்றிக் கேட்டவர்கள் டாக்டரைப் பாருங்கள்.

வேலந்தாவளம், ஓர் அம்மா: மகள் மூன்றாம் வகுப்பு, மலையாள மீடியம். வீட்டில் தமிழ்தான். ‘கவனமே இல்லை’ என்று டயரியில் எழுதி அனுப்புகிறார்கள். நேரில் போய்ச் சண்டை போடட்டுமா டீச்சர்?

வேண்டாம் அம்மா. முதலில் அவளுடைய கேட்டெழுத்து நோட்டைப் பிரித்துப் பாருங்கள். தமிழில் ‘ப’ ஒன்றுதான். மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. ‘பாரம்’ என்று டீச்சர் அழுத்திச் சொன்னாலும், தமிழ் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சாதாரண ப-தான். அப்படியே எழுதுவாள், டீச்சர் சுழிப்பார். பிழையெல்லாம் இந்த மாதிரி எழுத்துகளிலேயே விழுந்தால் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, இன்னும் காது பழகவில்லை.

தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் ஓடுகிறது, மலையாளம் மட்டும் நிற்கிறது என்றால் ஒரு கதை. இரண்டிலுமே எழுத்து எழுத்தாகத் திக்கினால் வேறு கதை. எதுவானாலும் அதை டயரியில் நான்கு வரி எழுதுங்கள்: “வீட்டில் இப்படிப் பார்த்தேன். வகுப்பில் எப்படி இருக்கிறாள்? பேச எப்போது வரலாம்?” கேள்வியாகக் கேட்டால் டீச்சரும் பதில் சொல்வார். குற்றம் சாட்டினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கொல்லங்கோடு: சாயங்காலம் கூப்பிடப் போகும்போது பள்ளி கேட்டிலேயே டீச்சரிடம் பேசிவிடலாமா?

கூடாது. பத்துப் பெற்றோர் காதில் விழும், பிள்ளையும் பக்கத்தில் நிற்கும்.

சித்தூர், ஓர் அப்பா: பையன் ஏழாவது. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் பாதிப் பக்கம் காலி. சோம்பேறி என்கிறார் சார்.

கண்ணையும் காதையும் பரிசோதித்து முடியுங்கள். கரும்பலகை தெரியாமலே வருடக்கணக்கில் திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு. அதில் குறை இல்லை என்றால், பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்தின் ஸ்பெஷல் டீச்சர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுங்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. முறையான சான்று இருந்தால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். பத்தாவது வந்தபின் ஓடாதீர்கள். சாரிடம் ‘சோம்பேறி’ பற்றி விவாதிக்காதீர்கள். “ஒரு கேள்வியை மட்டும் வாயால் கேட்டுப் பாருங்கள் சார்” என்று சொல்லுங்கள், அவரே பார்த்துக்கொள்வார்.

மறையூர், ஓர் அப்பா: தமிழ் மீடியத்தில் போட்டதால்தான் பின்தங்கினான், இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்று என்று அவன் டீச்சரே சொல்கிறார்.

எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பின்தங்கினான்? அதை அவர் சொன்னாரா? கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த மீடியத்திலும் தெரியாது.

(இடையில் மூணாறு நண்பர்: மேல்படிப்பு, வேலை எல்லாம் மலையாளமும் இங்கிலீஷும்தான் டீச்சர். உங்களுக்கென்ன, சொல்லிவிடலாம்.)

தம்பி, மலையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே படிக்கட்டும். நடுவில் பிடுங்கி நடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்ற அதே 1956-இல்தான் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. யாரோ போட்ட பிச்சையல்ல பள்ளியில் இருக்கிற தமிழ் டிவிஷன், அதாவது தமிழ்வழி வகுப்பு. பிள்ளைகள் குறைந்தால் அதுவும் போகும்.

(சித்தூர் அப்பா மறுபடியும்: டிவிஷனைக் காப்பாற்ற என் பிள்ளையா கிடைத்தான்?)

நியாயமான கேள்வி. ஐந்தாவதிலோ எட்டாவதிலோ பள்ளி மாறும்போது மீடியத்தையும் மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. தடுமாறுகிற வருடத்தில் மட்டும் வேண்டாம். பாடமும் புதிது, மொழியும் புதிது, பக்கத்தில் இருப்பவனும் புதிது.

பாறசாலை: வகுப்பில் ‘மண்டு’ என்று கூப்பிடுகிறாராம், கிள்ளவும் செய்கிறாராம்.

இதற்கு டயரி போதாது. கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அடியையும் மனத்துன்பத்தையும் சேர்த்தே தடுக்கிறது. தேதி போட்டு ஹெச்.எம்.முக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீஸ். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.

குமுளி: மார்க் குறைந்துவிட்டது, போய்ச் சண்டை போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கொல்லங்கோடு, இன்னொருவர்: வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் கேட்டால் என்ன?

அதுவும் கேட்தான். இன்னும் பெரிய கேட்.

மூணாறு, ஓர் அம்மா: எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறேன். கிளாஸ் பி.டி.ஏ.வுக்கு (பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்) போனால் அன்றைய கூலி போச்சு. எனக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

இன்று ராத்திரியே டயரியில் எழுதுங்கள் அம்மா: “எஸ்டேட் வேலை, பகலில் வர முடியாது. நாலரைக்கு மேல் ஐந்து நிமிடம் போனில் பேச முடியுமா?” கீழே நம்பர். எழுத வராது என்றால் மூத்த பிள்ளை எழுதட்டும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். போனில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பாடம், எந்த இடம், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும். இரண்டு வாரம் கழித்து நீங்களே கூப்பிட்டு, என்ன மாறியது என்று கேளுங்கள்.